முருங்கைக்காயும் என் ஞானப்பிள்ளையும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் முருங்கைக்காயைப் போல ஒரு பிடிவாதக்காரனைக் காண முடியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொச்சிக்கடையில் மூட்டை சுமந்து, இன்று மூன்று மரக்கறிக் கடைக்கும் ஒரு சரக்கு ஸ்டோருக்கும் முதலாளியாக இருக்கிற நான் சொல்கிறேன். மனிதரை எடைபோடுவதில் நான் தவறியதே இல்லை.

காயில் ஒரு முறை தவறியிருக்கிறேன்.

நான் சொல்லும் பிடிவாதக்காரன் த்ரீவீலர் ஓட்டுகிறவன். ஒருநாள் பின்சீட் நிறைய நீளமான பச்சைக் காய்களோடு என் கடை வாசலில் நின்றான். நல்ல பிஞ்சு முருங்கைக்காய் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஒரு கட்டை உருவி வீட்டுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் மனைவி போனில் கத்தினாள். "என்ன சாமானப்பா அனுப்பினீங்கள்? இரண்டு மணித்தியாலமா சொதிச் சட்டியில அவியுது, விறகு மாதிரிக் கிடக்கு!"

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது கண்டல் மரத்தின்ர காய், முதலாளி" என்றான். "உப்புச் சேத்தில குத்தினா மரமா வரும். சொதியில வராது."

அன்றிலிருந்து அவன் பெயர் முருங்கைக்காய்.

வத்தளையில் என் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கால்வாய். இப்போதெல்லாம் கடல் பொங்கினால் உப்புத்தண்ணீர் அதன் வழியே ஏறி, கரையிலுள்ள பலகை வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. அதில் ஒன்று அவன் அக்காவின் வீடு. தண்ணீரின் வேகத்தை அடக்கக் கரை நெடுகக் கண்டல் குத்தினான். யாரும் பிடுங்காமலிருக்க, எங்கள் கொட்டாஞ்சேனைத் தெருவில் வீட்டுக்கு ஒருவரை ஒவ்வொரு கன்றுக்கும் ஞானத்தகப்பனாக்கி, தகரத்தில் பெயர் எழுதிக் கட்டினான். கோயில், பள்ளிவாசல், மாதா கோவில் என்று வித்தியாசமே பார்க்கவில்லை. ஞாயிறு தோறும் அத்தனை பேரும் பஸ் ஏறிப் பிள்ளை பார்க்கப் போனார்கள். "ஹாஜியார்ட பிள்ளை என்ர பிள்ளைக்கு வெயில மறைக்குது" என்று சண்டைகூட நடந்தது.

நான் போகவில்லை. எனக்கு லொறி திருப்ப இடம் வேண்டியிருந்தது. மரங்கள் ஆளுயரம் வந்த பிறகு, ஒரு மழைநாள் காலையில் மண் அள்ளும் பெக்கோவைக் கொண்டுவந்து இறக்கினேன்.

செய்தி எப்படிப் போனதோ, முருங்கைக்காய் வந்துவிட்டான். நேரே சேற்றில் இறங்கி, முதல் மரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றான். கால்வாய்த் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெக்கோக் கண்ணாடியில் மழை வழிந்தது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் நிற்பது ஆளா மரமா என்று தெரியவில்லை. வாளி மேலே எழும்பியது.

விலகிவிடுவான் என்றுதான் நினைத்தேன். விலகவில்லை.

"விலகடா!"

"ஏலாது, முதலாளி!"

"பிடிவாதம் பிடிக்காதே!"

"பிடிவாதமில்ல! கால் வருதில்ல!"

தொடை வரை புதைந்திருந்தான். வாளி அவன் தலைக்கு மேல் வந்து, இறங்கத் தொடங்கியது. "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று, நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் அலறிக்கொண்டு, குடையை வீசிவிட்டுப் பாய்ந்தேன். அவன் தலைக்கு ஒரு முழம் மேலே வாளி நின்றது. நான் நிற்கவில்லை. வழுக்கி, கால்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். அந்த மரம் அசையவே இல்லை.

மூச்சு வந்தபோது மூக்கருகே ஒரு தகரம் ஆடியது. அதில் என் பெயர்.

"என்னடா இது? என்னட்டக் கேட்டனியா?"

"கேட்டா மாட்டன் எண்டிருப்பீங்கள். உங்கட பிள்ளைதான், முதலாளி. தகப்பன் வந்து பார்க்காததில கொஞ்சம் மெலிவு."

பெக்கோக்காரன் கயிறு போட்டு எங்கள் இருவரையும் இழுத்தெடுத்தான். முதலில் அவனை இழுக்கச் சொன்னேன். அதை அவன் எங்கேயும் சொல்வதில்லை.

இப்போது லொறிகள் ரிவர்ஸில்தான் போகின்றன. ஞாயிறு தோறும் நானும் வத்தளைக்குப் போகிறேன். பிள்ளையைப் பார்க்கத்தான். போகும்போது அந்தப் பிடிவாதக்காரனுக்கு ஒரு வாளி தேங்காய்ப்பால் சொதி கொண்டுபோவேன். நல்ல முருங்கைக்காயாக நானே பொறுக்கிக் கொடுத்து, மனைவி காய்ச்சியது.