என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, அக்கா

சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கி, இரண்டு தடவை கீழே போட்டு, அப்படியும் ஆளாக்கிவிட்ட என் அக்காவுக்கு, மைக் செட் கடைத் தம்பி பணிவோடு எழுதுவது. நானும் உன் மகள் பாப்பாவும் நலம். என் காதுகள் இரண்டும் பரம நலம். நீ போயிருக்கும் ஊரில் உன் பயிற்சி வகுப்பும் நலமாக நடக்க வேண்டும். போனிலேயே பேசியிருப்பேன். இப்போதெல்லாம் போனில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதனால்தான் கடிதம்.

காது டாக்டரைப் பார்க்காவிட்டால் பாப்பாவை அவள் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அவள் அரை மணி நேரம் கதவைத் தட்டியும் நான் திறக்கவில்லையாம். அக்கா, தட்டியது முதல் தட்டிலேயே கேட்டுவிட்டது. மரத்துக்குள் ஒலி எப்படிப் போகிறது என்று உள்ளே உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். காற்றைவிட மரத்தில் அது வேகமாய் ஓடும். இதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்த ஒரே ஒலி அவருடைய குறட்டை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்ததே, பாப்பாவுக்கு 'ஒலியும் காதும்' என்ற தலைப்பு. முப்பது வருஷமாக ஒலியோடு குடித்தனம் நடத்துகிறவன் வீட்டிலிருக்க, புத்தகம் எதற்கு? ஒலி என்றால் நடுக்கம், அவ்வளவுதான் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். பொருள் நடுங்கினால் காற்று நடுங்கும், காற்று நடுங்கினால் காதுக்குள் இருக்கும் ஜவ்வு நடுங்கும், அதற்குப் பின்னால் மூன்று பொடி எலும்பு, அப்புறம் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதற்குள்ளே பொடிப்பொடியாய் முடி. "ரொம்பச் சத்தம் கேட்டா அந்த முடி செத்துடும் மாமா, திரும்ப முளைக்காது. உங்க தலை மாதிரியே" என்றாள். வாயைப் பார்த்தாயா? அப்படியே நீதான்.

பிறகு இரண்டு தகர டப்பாவில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, டெலிபோன் செய்தோம். நான் கூடத்தில், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளறையில். நூல் விறைப்பாக இருக்கணும், எதிலும் உரசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டப்பாவைக் காதில் வைத்தேன் பார், நேரில் நின்று பேசுவது மாதிரி அவ்வளவு துல்லியம்! தொழில் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் "ஓகே, கிளியர்!" என்றேன். அவள் உடனே ஓடிவந்து, "மாமா, ஆறு பிரெண்ட்ஸ் வர ஓகே சொல்லிட்டீங்க" என்பாள். ஆறு பேர் வந்தார்கள், கடையில் இருந்த பலூன் எல்லாம் போயிற்று. மறுநாள், "பெரிய ஸ்பீக்கரை ஸ்கூலுக்குக் கொண்டு வர ஓகே சொல்லிட்டீங்க." கொண்டு போனேன். சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கேயோ போகவும் ஓகே சொல்லியிருக்கிறேனாம். கேட்காதவன் இத்தனைக்கு ஓகே சொல்லுவானா, நீயே யோசி.

கண்காட்சியைப் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு பாத்திரத்தின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே உப்பைத் தூவி, ஸ்பீக்கர் முன்னால் வைத்தோம். சத்தம் வந்தால் உப்பு ஆட வேண்டும். எனக்குச் சத்தம் கொஞ்சம் கம்மியாகப் பட்டது. திருகினேன். அப்பவும் கம்மிதான். இன்னும் திருகினேன். உப்பு ஆடவில்லை அக்கா, பறந்தது. பாதி தலைமை ஆசிரியை கொண்டையில். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடி, ஒரு கோப்பை தானாகவே நடந்து வந்து கீழே குதித்தது. கூடமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. நான் ஒருத்தன் மட்டும் பொத்தாமல் சிரித்தபடி நின்றேன். அத்தனை பேரில் யாருடைய காது உறுதியானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தலைமை ஆசிரியை என் முகத்துக்கு நேரே நின்று வெகுநேரம் பாராட்டினார். "ஓகே, கிளியர்!" என்றேன். பாப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

ஆகவே பாப்பா இங்கேயே இருக்கட்டும். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் சத்தமே இருக்காது. உனக்கு நல்ல உறக்கமும், நல்ல மதிப்பெண்ணும், என்மேல் நல்ல எண்ணமும் உண்டாகட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடி உள்ளறைக்குப் போனேன். டெலிபோன் நூலின் மறுமுனை கதவுக் கைப்பிடியில் கட்டியிருக்கிறது. அவள் டப்பாவில் கோலிகுண்டு. இந்த நாலு நாளும் நான் "ஓகே, கிளியர்" சொன்னது கைப்பிடிக்குத்தான். பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சனி 10 மணி. காது டாக்டர். மாமா ஓகே சொல்லியாச்சு." அன்றைக்கு அவள் கதவைத் தட்டியதுகூட எனக்குக் கேட்கவில்லை, அக்கா. போகிறேன். அவளை மட்டும் அனுப்பிவிடாதே. முடிந்தால் சனிக்கிழமை நீயும் வா. டாக்டர் சொல்வதை ஒருத்தராவது காதில் வாங்க வேண்டுமே.