கை ஊன்றாமல்

கடிகாரக்காரர் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தது அவர் இஷ்டம்தான். எழுந்திருப்பதில்தான் சிக்கல்.

சிக்கலைத் தொடங்கி வைத்தவர் கைபேசியில் வந்த ஒரு டாக்டர். வெள்ளைக் கோட்டும் சிரித்த முகமுமாக இருந்தார்.

"தரையில உட்காருங்க. கையையோ முட்டியையோ ஊன்றாம அப்படியே எழுந்திருங்க. முடிஞ்சுதா, ஆயுசு கெட்டி. முடியலையா, அப்படின்னா..."

அந்த இடத்தில் சார்ஜ் தீர்ந்து கைபேசி கண்ணை மூடிக்கொண்டது. சார்ஜர் மேஜை மேல் இருந்தது. மேஜைக்குப் போக வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும்.

முன்னால் சாய்ந்து முக்கிப் பார்த்தார். பின்னால் ஆடி, அந்த வேகத்தில் எழப் பார்த்தார். மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். கடையில் ஸ்டூல், வீட்டில் ஒற்றை சோபா என்று காலம் தள்ளிய உடம்பு அது. திடீரென்று ஒருநாள் எழுந்திரு என்றால் எங்கிருந்து எழும்? ஓட்டம் நிற்கப் போகிற கடிகாரம் எப்படித் திணறும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது தானே அப்படித் திணறுவதாகத் தோன்றியது.

வாசல் கதவு திறந்தது. கையில் காய்கறிப் பையோடு மனைவி.

"என்னங்க, கீழ உட்கார்ந்திருக்கீங்க?"

காய்கறிப் பையோடு நிற்கிறவளிடம் போய் எந்தப் புருஷன் நான் சாகப் போகிறேன் என்று சொல்வான்?

"சும்மாதான். தரையில உட்கார்றது உடம்புக்கு நல்லதாம்."

"இதைத்தானே இத்தனை வருஷமா நானும் சொல்றேன்."

அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன குரலில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு," என்றாள். "அந்த சோபாவுல ஸ்பிரிங் வெளிய வந்து குத்துது. நாற்காலிங்க காலெல்லாம் ஆடுது. மொத்தமா ரிப்பேருக்கு அனுப்பிடறேன். வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தரைதான்."

"இப்ப என்ன அவசரம்?"

"நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் சமையலறைக்குள் போனதும் குழந்தை மாதிரி தவழ்ந்து ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்து மெல்ல மெல்ல ஏறி நின்றார். கையை ஊன்றியாயிற்று, முட்டியை ஊன்றியாயிற்று, நெற்றியைக்கூட ஒரு தடவை ஊன்றியாயிற்று.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது கூடம் வெறிச்சென்று கிடந்தது. சோபாக்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார். சோபா இருந்த இடத்தில் நாலு புள்ளி அழுக்கு மட்டும் இருந்தது. அதைப் பார்க்கவே துக்கமாக இருந்தது.

சாப்பாடு தரையில் நடந்தது. முடிந்ததும், அவள் முதலில் எழுந்து போகட்டும் என்று தட்டில் கோலம் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதான் அது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் தோளில் கை வைத்தாள். நன்றாக அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

கல்யாணப் போட்டோவில்கூட அந்தக் கை அவர் தோளுக்கு வந்ததில்லை. போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தும் வரவில்லை.

யோசித்தார். கைபேசிக்குச் சார்ஜ் போட்டவள் அவள்தான். டாக்டர் முழுசாகச் சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் தான் ஏறியதையும் பார்த்திருக்க வேண்டும். எத்தனை காலம் மிச்சம் என்று தெரிந்துகொண்டுதான் தோளில் கை வைக்கிறாள். டாக்டர் மிச்சத்தில் என்ன சொன்னார் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

காலையும் மாலையும் அந்தக் கை வந்தது. ஒவ்வொரு தடவையும் அழுத்தம் கூடியது. கூடவே ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொண்டது.

விடக் கூடாது, பழகினால் முடியும் என்று கடையில் பயிற்சியில் இறங்கினார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடி மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துத்தான் ஆள் வந்தது.

"கடையில யாரும் இல்லையா?"

"இருக்கேன்," என்றது மேஜைக்குக் கீழிருந்து ஒரு குரல்.

வந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "கீழ என்ன பண்றீங்க?"

"ஸ்க்ரூ ஒண்ணு விழுந்துருச்சு. தேடறேன்."

நல்ல மனசுக்காரி. உள்ளே வந்து, குனிந்து, கைபேசி வெளிச்சத்தில் தேடத் தொடங்கினாள். போகிற வருகிறவர்களையும் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் பாதித் தெரு குனிந்து நின்றது. எப்போதோ தொலைந்த ஸ்க்ரூ எல்லாம் கிடைத்தது. ஒவ்வொன்றாகக் காட்டி, "இதுவா, இதுவா?" என்று கேட்டார்கள். எதற்கு ஆமாம் என்றாலும் எழுந்திருக்க வேண்டி வரும் என்பதால், எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கடைசியில் பக்கத்துக் கடை சாவிக்காரர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"என்னண்ணே இது? ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க."

"ஒரு டாக்டரைப் பார்த்துத்தான் இந்த நிலைமை," என்றார் கடிகாரக்காரர்.

அன்று சாயங்காலம் கடைச் சாவியை மனைவியிடம் நீட்டினார். "ஷட்டர் பூட்டைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும். தெரிஞ்சு வச்சுக்கோ."

"எனக்கெதுக்குங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போகும்போது அவர் தோள் இறங்கிவிடும்போல அழுத்தினாள். அன்று ராத்திரி அவருக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. சாவுக்குப் பயம் இருந்தது உண்மைதான். அதைவிட, இத்தனை வருஷம் கழித்து வந்த கையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்பது தாங்கவில்லை.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் கடையைச் சீக்கிரம் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னங்க, இந்நேரத்துக்கே?"

"வா, உட்காரு."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காலியானதும் வழக்கம்போல அவர் தோளுக்குக் கை வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றார்.

அவள் திடுக்கிட்டாள். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லணுமா? இந்தக் கையே சொல்லிடுச்சே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மறைக்கணும்னு இல்லைங்க. எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்தது."

"நமக்குள்ள என்ன கூச்சம்?" பிடித்த கையை அவர் விடவில்லை. "நீ தைரியமா இருக்கணும்."

"நான் என்னத்தைத் தைரியமா இருக்க? ஊன்றுகோல் மாதிரி நீங்க இருக்கீங்கன்னுதான் ஓடிட்டிருக்கு."

கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டபின் நாளைக்கே போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

வாசலில் சத்தம் கேட்டது. ஒற்றை சோபாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தார். சோபா முகத்தை மறைத்ததில் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவள் தரையிலிருந்தபடியே கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினாள். சோபாவுக்குள் இருந்தவருக்கு அது எங்கே தெரியப் போகிறது?

"அம்மா, நீங்க போன்ல அழுதீங்களேன்னு ராவெல்லாம் முழிச்சு முடிச்சுட்டேன்," என்றார் சோபாக்காரர். "ஐயா கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள எங்க போடணும்னு சொல்லுங்க. தரையிலேர்ந்து எழுந்திரிக்க முடியாம, பாசம் மாதிரி அவரு தோளைப் புடிச்சு எழுந்திரிக்கிற கஷ்டம் இனிமே உங்களுக்கு வேணாம்."