காயம்பட்டவர் பொன்னுரங்கம்

ஒரு காட்டில், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசிப்பதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருந்தது. நரி சபாபதி அதற்கு அதிகாரி. கோடை வந்தால் அங்கே பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். அதில் காயம்பட்டவராகப் படுப்பது எழுத்தர் முயல் பொன்னுரங்கத்தின் வேலை. பெரிய நடிகரோ என்று நினைத்துவிடாதீர்கள். தூக்குகிற கரடிகளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளக் கூடாதே! அலுவலகத்திலேயே எடை குறைந்தவர் அவர்தான்.

இந்த வருடம் அவரை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். போன வருடம் காப்பாற்ற ஆள் வருவதற்குள் மனிதர் எழுந்துபோய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். போட்டோவெல்லாம் பாழ்.

"ஐயா, கொஞ்சம் லூஸா கட்டச் சொல்லுங்க. மூச்சு முட்டுது."

"பொறுத்துக்கப்பா. சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைச்சதும் தூக்கிடுவாங்க," என்றார் நரி.

சிறப்பு விருந்தினர் யானையார். அவர் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவசர வழியை அடைத்துத்தான் மேடை போட்டிருந்தார்கள். சமதளம் அங்கேதான் இருந்ததாம். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளில் வரவேற்பு வளைவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். பொன்னுரங்கம் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். ஒத்திகைதானே, நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டீ அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து பந்தலில் விழுந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த கீற்று குப்பென்று பற்றிக்கொண்டது.

"ஐயோ, தீ! நிஜத் தீ! அவுத்துவிடுங்க!" என்று அலறினார் பொன்னுரங்கம்.

கூட்டம் கைதட்டியது. "போன வருஷத்துக்கு இந்த வருஷம் நடிப்பு எவ்வளவோ தேவலை," என்று நரி மெச்சினார்.

கரடிகள் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். "அண்ணே, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், தூக்குங்கண்ணே!"

"தூக்கலாம் தம்பி. மைக்குல இன்னும் எங்க பேரைக் கூப்பிடலையே," என்றார் மூத்த கரடி. சொல்லி முடிப்பதற்குள் ஒரு கங்கு அவர் முதுகில் விழுந்தது. அப்புறம் யாரும் கூப்பிடாமலே இருவரும் ஓடினார்கள். நரியும் யானையாருக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடையை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

பொன்னுரங்கத்துக்கு மனைவி மரகதமும் பால் மறக்காத குட்டிகளும் கண்முன் வந்தார்கள். கழுத்தை வளைத்துக் கயிற்றைக் கடித்தார். ஈறில் ரத்தம் வரக் கடித்தார். காது ரோமம் கருகும்போது கயிறு அறுந்தது. விழுந்தடித்து ஓடி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஆறு நிறையத் தண்ணீர். ஒருவரும் மொண்டு ஊற்றவில்லை. ஆறு வேறு துறையைச் சேர்ந்தது.

அவரைக் கண்டதும் நரியின் முகம் சுருங்கியது. "உன்னை யாருய்யா வரச்சொன்னது?"

"உசுரு போயிருக்கும், ஐயா!"

"போயிருந்தா நிவாரணம்னு எழுதியிருப்பேன். தூக்கிட்டு வந்திருந்தா மீட்புன்னு எழுதியிருப்பேன். நீயா வந்து நின்னா நான் என்னன்னுய்யா எழுதறது?"

அப்போது யானையார் வந்து சேர்ந்தார். பந்தல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்று பாராட்டிக் கொடியசைத்தார். கரடிகள் பொன்னுரங்கத்தைப் பிடித்து வேறொரு ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள். மீட்பதென்றால் தீயிலிருந்துதானே மீட்கவேண்டும்? அதனால் முதலில் அவரைத் தீயின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். "வேண்டாம், வேண்டாம்!" என்று அவர் கதறக் கதற, போட்டோக்காரர் தயாராகும்வரை காத்திருந்து தூக்கிவந்தார்கள். கூட்டம் மறுபடியும் கைதட்டியது.

கரடிகளுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. நரிக்குப் பதவி உயர்வு. இரண்டு காதும் கருகிய பொன்னுரங்கத்துக்கு ஒரு மெமோ வந்தது: மேலதிகாரியின் முன் அனுமதி பெறாமல் உயிர் பிழைத்தது ஏன்?

நீதி: தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்கிறவன், காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர்களின் வயிற்றில் அடிக்கிறான்.