ஜனவரி மாதத்துப் பாசி

குளிரைக் கண்டு நடுங்குகிறவன் குளிர்ந்த ஏரியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகுதான் இந்த எளிய உண்மை எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே ஓர் ஏரியில் எந்தப் பருவத்தில் பாசி எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு முறை திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி, ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, கெடாமலிருக்க அயோடின் விட்டுக் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பாட்டில். ஒன்று விட்டுப்போனாலும் வருஷம் பாழ்.

டிசம்பரிலேயே விரல்கள் என்னுடையவைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஜனவரியில் இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். (இரண்டாம் முறை ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தேன்.) வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மாதம் முடிய ஒரே நாள் இருந்தபோது, வலியசாலையில் எங்கள் தெருக் குளத்துக்குப் பாட்டிலோடு போனேன். தண்ணீர் தண்ணீர்தானே?

அன்று தை அமாவாசை. படியெல்லாம் தர்ப்பணக் கூட்டம். பக்கத்து வீட்டு மாமா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அப்பா சௌக்கியம்தானேடா? நீ எதுக்கு இங்கே?"

"சௌக்கியம் மாமா. இது காலேஜுக்கு" என்று பாட்டிலை அமுக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை.

நான் வைத்த ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்த என் பேராசிரியர், கொல்லத்துக்காரர், நிமிரவே இல்லை.

"எடோ, இத்ர தணுப்பில இத்ர வளர்ச்சியோ? இது புதிய காரியமாணல்லோ. செமினாரில காணிக்கணும்."

அத்தனை குளிரில் அத்தனை பாசி என்றால் துறைக்கே காட்ட வேண்டுமாம். செமினார் வரை ஒரு வாரம் சாலைக் கடைத்தெருவில் காரணமில்லாமல் நடந்தேன். ஒரு கடைக்காரர் இரக்கப்பட்டு ஸ்டூல் போட்டார். உட்கார முடியவில்லை.

செமினாரில் துறையே கூடியிருந்தது. பேராசிரியர் பாட்டிலை முறைப்படி நன்றாகக் குலுக்கி, கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ஊற்றினார். கூடவே மூன்று கறுப்பு மணிகள் விழுந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வருஷா வருஷம் கர்க்கடக வாவுக்கு, நம் ஆடி அமாவாசைக்கு, அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுப் பலியிடுகிறவர்; எள்ளைத் தெரியாதா?

"எடோ," என்றார் மெதுவாக, "ஈ பாசிக்கு ஆரா பலியிட்டது?"

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

"ஈ வருஷம் போயி. பிப்ரவரி தொட்டு மறுபடி தொடங்கு. ஜனவரியில ஞானும் வரும்."

வந்தார். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு கரையில் நின்று, முழங்காலளவு தண்ணீரில் நின்ற என்னைக் கண்காணித்தார். அந்தத் தண்ணீரில் பாசி அநேகமாக இல்லவே இல்லை. என்னைவிட அதற்கு விவேகம் அதிகம்.

பட்டம் ஒரு வருஷம் தாமதமாகக் கிடைத்தது. கதை மட்டும் உடனே வீடு வந்து சேர்ந்துவிட்டது. இப்போதும் நான் காலையில் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தேன் என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னால், என் மகள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறாள்:

"எள்ளு மிதக்கறதுப்பா."