பவளக்கொடியின் தலை

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு நோட்டீஸ் வரும், பவளக்கொடி என்று ஒரு குரங்கு இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தன் தலையை யாரும் தொடக்கூடாது.

குரங்குக் கூட்டத்தில் இது லேசுப்பட்ட ஆசை இல்லை. சாயங்காலமானால் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி உட்கார்ந்து பேன் பார்ப்பது அங்கே வழக்கம். பேன் ஒரு சாக்குதான். யார் மகள் யாரோடு எந்தக் கிளையில் இருந்தாள் என்ற சேதியெல்லாம் அப்போதுதான் கைமாறும். பவளக்கொடிக்கோ அந்த நேரத்தில் பாறையில் தனியாக உட்கார்ந்து எதையாவது யோசிக்க வேண்டும். கூட்டத்துத் தலைவி செங்கமலம், அவளுக்குச் சித்தி முறை, ஞாயிற்றுக்கிழமைக்குள் தலையைக் காட்டாவிட்டால் கூட்டத்தை விட்டே போய்விடு என்று சொல்லிவிட்டாள். தனியாகப் போகிற குரங்குக்காகச் சிறுத்தை காத்துக்கொண்டிருக்கும் காடு அது.

பவளக்கொடி நீதிபதியிடம் ஓடினாள்.

நீதிபதி ஒரு கரடியார். சீமையில் ஒரு மிருகக்காட்சிசாலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒரு துரை மறந்துவிட்டுப் போன, தனிமனித சுதந்திரம் பற்றிய புத்தகத்தைக் கூண்டுக்குள் இழுத்து, வேறு வேலை இல்லாததால் நாற்பது தடவை படித்தவர். ஆகவே சுதந்திரத்தைப் பற்றி அவர் அளவுக்குக் காட்டில் யாருக்கும் தெரியாது. ஊர் திரும்பியதும் ஒரு சட்டம் போட்டார். அடுத்தவருக்குக் கெடுதல் இல்லாதவரை அவரவர் இயல்புப்படி இருக்கலாம். மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

விசாரணை நடந்தது. இவள் தலையைக் காட்டாததால் தன் மனசு புண்பட்டுவிட்டது என்றாள் செங்கமலம். புண்ணைக் காட்டச் சொன்னார் கரடியார். அவளும் நேர்மையாக உடம்பெல்லாம் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இவள் தனியாக உட்கார்ந்து எங்களைப் பற்றித்தான் ஏதோ நினைக்கிறாள் என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். அதுவும் எடுபடவில்லை.

"அவ தலை, அவ இஷ்டம். இனிமே வேற யார் கையும் அதுல படக்கூடாது" என்றார் கரடியார்.

பவளக்கொடி அழுதேவிட்டாள். சொல்வதற்கென்ன, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரடியார் முத்திரையைக் கையில் எடுத்தபோது அவள் தலைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. பேன்களில் மூத்த பேன் பேசியது.

"ஐயா, அங்கயே குடியிருக்கிறவங்க நாங்க. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே."

கரடியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முந்நூறு பேருக்குக் குறையாது. இந்த அம்மா சொறிகிறபோதெல்லாம் தங்கள் பிள்ளைகள் நசுங்கிச் சாவதாக மூத்த பேன் கண்ணீர்விட்டது.

"என் ரத்தத்தைக் குடிக்கிறீங்களே, அது கெடுதல் இல்லையா?" என்றாள் பவளக்கொடி.

"அது எங்க இயல்பு தாயி. இயல்புப்படி இருக்கலாம்னு ஐயாதானே சட்டம் போட்டாங்க."

கரடியார் புத்தகத்தை முதலிலிருந்து நினைவுபடுத்திப் பார்த்தார். புத்தகத்தில் பேனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கடைசியில் தலைகளை எண்ணினார். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் முந்நூறு. பவளக்கொடி கேட்டபடியே தீர்ப்பு வந்தது: அவள் தலையை யாரும் தொடக்கூடாது. கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: அவளே தொடுவதானாலும், அங்கே வசிப்பவர்களிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும்.

செங்கமலத்துக்கே மனசு கேட்கவில்லை. பேன் எடுக்கக் கையை நீட்டினாள். காவலுக்கு நின்ற நரி தீர்ப்பைக் காட்டி அவளைத் தடுத்துவிட்டது.

பேன்கள் வெள்ளிக்கிழமைதோறும் பொதுக்குழு கூட்டுகின்றன. இடது காதுக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை சொறிந்துகொள்ள பவளக்கொடி கொடுத்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. நிராகரிக்கப்படும் என்று சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் அவர்கள் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

நீதி: உன் தலைக்கு நீதான் ராஜா. சொறிவதற்கு மட்டும் குடிமக்களைக் கேட்டுக்கொள்.