பழுது அறிக்கை, மூன்று பிரதிகளில்

விசைத்தறித் தொழிலாளர் நல அலுவலகத்தின் சூலூர் கிளைக்கு 1997-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. வந்த அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, அதிகாரியின் அறையைக் காலி செய்து, ஏசி போட்டுக் கொடுத்தார்கள். அதிகாரி வராந்தாவுக்கு வந்துவிட்டார். அவருக்கு வியர்த்தது. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள்.

அதற்குப் பொறுப்பாளர் கண்காணிப்பாளர் சீனிவாசலு. கணபதிப் பகுதியில் ஒரு மாடி அறையில் பதினான்கு நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர். அங்கே கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.

அவர் கொண்டுவந்த முதல் சீர்திருத்தம் இது. அந்த அலுவலகத்தில் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு செருகாத காகிதக் கட்டு எந்தக் காலத்திலும் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. ஆகவே கம்ப்யூட்டரிலும் 'அவசரம்' என்று ஒரே ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே சேமிக்க உத்தரவிட்டார். இரண்டாவதாக ஒன்று போட்டால், அதில் விழும் காகிதம் அவசரமில்லாதது என்று ஆகிவிடும். மனு கொடுத்தவர் மனம் என்ன பாடுபடும்!

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை ஃபைல் மேனேஜர் படுத்துவிட்டது. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று திரையில் பட்டியல் காட்டுவது அதன் வேலை. 'அவசர'த்தைத் திறந்ததும் இரண்டு விநாடி யோசித்தது, தானாகவே மூடிக்கொண்டது.

சீனிவாசலு கலங்கவில்லை. சுற்றறிக்கை விட்டார். பழுது ஏற்படும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரிலேயே அறிக்கை அடிக்க வேண்டும். மேலிடத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக மூன்று பிரதிகள் சேமிக்க வேண்டும். பழுது தீர்ந்துவிட்டதா என்று கால் மணிக்கு ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும்.

"அறிக்கைய எங்க சார் சேவ் பண்றதுங்க?" என்று கேட்டாள் தட்டச்சர் வரலட்சுமி.

"பழுதை விட அவசரம் வேறென்ன இருக்குது அம்மணி?"

அதே வாரம் வந்தவர்தான் ரசாக். தறி ஓட்டுகிறவர். மகள் சமீராவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. தறித் தொழிலாளி பிள்ளை என்று இந்த அலுவலகம் ஒரு சான்று கொடுக்க வேண்டும். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சான்று ஏப்ரலிலேயே அடித்தாகிவிட்டது. 'அவசர'த்துக்குள் பத்திரமாக இருந்தது.

"நாளைக்கு வாங்க பாய். மிஷின் ரிப்பேருங்க" என்றாள் வரலட்சுமி.

ரசாக் நாளைக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏசிக் குளிரில் கைகட்டி நின்று, மூன்று பிரதிகள் அடிக்கப்படுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அந்த இருபதாம் தேதியே மூன்று மணிக்கு சிங்காநல்லூரிலிருந்து மெக்கானிக் நிஜாம் வந்தான். கறுப்புத் திரையைத் திறந்து என்னவோ தட்டினான். ரசாக்கும் சமீராவும் கதவோரம் நின்றார்கள்.

"பொட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க சார். ஒரே ஃபோல்டருல ரெண்டாயிரத்துச் சொச்சம் பேப்பரத் திணிச்சு வெச்சிருக்கறீங்க. பழைய மிஷினு, தாங்குமுங்களா?"

"அத்தனை வேலையா பார்த்திருக்கோம்?" சீனிவாசலுவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அதுல ஆயிரத்து நானூறு பழுது அறிக்கைங்க. மொத நாள் சும்மா ஒருக்கா நின்னிருக்கும். அதுக்கப்புறம் நின்னதெல்லாம் நீங்க எழுதுன அறிக்கையாலதானுங்க."

சீனிவாசலு அண்ணாந்து தன் சான்றிதழைப் பார்த்தார். வேண்டாதவர் யாரோ அதில் அவர் பெயரை எழுதிவிட்டதுபோல் இருந்தது.

"அழிச்சுப்போடலாமுங்களா?"

"அரசு ஆவணமப்பா! அழிக்கறதுன்னா பத்து வருஷம் ஆகோணும். அனுமதி கேட்டு எழுதோணும். மூணு காப்பி..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சார், மணி நாலுங்க. அஞ்சு மணிக்கு மேல என்ற புள்ளைக்குப் படிப்பு இல்லீங்க" என்றார் ரசாக். சமீரா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனிவாசலுவுக்கு வெட்கமாகிவிட்டது. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவால் சான்றை எழுதினார், வராந்தாவுக்கு ஓடி அதிகாரியின் கையெழுத்தை வாங்கினார், முத்திரை குத்தினார். மொத்தம் நான்கு நிமிடம். இருபத்தைந்து வருட வேலையில் இவ்வளவு வேகமாக அவர் ஒரு காகிதத்தையும் முடித்ததில்லை. கண் கலங்கியது.

ரசாக் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், கையில எழுதிக் குடுத்துப்போட்டீங்களே, காலேஜுல நம்புவாங்களா? இப்பெல்லாம் கம்ப்யூட்டருல வந்தாத்தானுங்க மதிப்பு."

வரலட்சுமி உட்கார்ந்து, அதையே பார்த்துப் புதிதாக அடித்து, அச்செடுத்து, மறுபடி கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள். ஏழு நிமிடம் ஆனது. மூன்று வாரமாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. சமீரா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குக்கூடக் காத்திருக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ரசாக் வாசல்வரை போய்த் திரும்பினார். "அம்மணி, ஒரு காப்பி அதுக்குள்ளயும் போட்டு வெச்சிருங்க. நாளைப்பின்ன வேணுமுன்னா? அவசரத்துலயே போடுங்க."

போட்டாள். சரியாக விழுந்ததா என்று சீனிவாசலு திறந்து பார்த்தார். திரை இரண்டு விநாடி யோசித்தது, மூடிக்கொண்டது.

விதி விதிதான். வரலட்சுமி அறிக்கை அடிக்கத் தொடங்கினாள். 'பழுதுக்குக் காரணம்' என்ற இடத்தில் கை நின்றது. எல்லோரும் சீனிவாசலுவைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"வெயில்னு போடும்மா."

சாட்சியாக ரசாக் கையெழுத்திட்டார். இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்தது. நிஜாமும் கையெழுத்திட்டான். அவனை வருடாந்தர மெக்கானிக்காகப் போடச் சொல்லும் கடிதமும் 'அவசர'த்துக்குள்தான் இருந்தது.