ஒரு போத்தல் நுளம்பு

“சுஹைரா ரீச்சர்! பி.எச்.ஐ. வாறார்! வீடு வீடாப் புகுந்து பூச்சட்டியெல்லாம் கவிட்டுப் பாக்கிறார்!”

மதிலுக்கு அப்பாலிருந்து இராசமலர் அக்கா கத்தியபோது சுஹைரா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பாரை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் கண் நேரே யன்னலுக்குப் போனது. அங்கே ஒரு ஜாம் போத்தலுக்குள் நுளம்புக் குடம்பிகள், அதுதான் கொசுப் புழுக்கள், கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை. நாலாம் வகுப்புக்கு வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம் படிப்பித்தவள், ஆளுக்கொரு மயிர்க்கொட்டிப் புழுவைப் போத்தலில் வளர்த்துத் திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னாள். ஒருவருக்கும் அகப்படவில்லை. “கிடைக்கல்ல ரீச்சர், கிடைக்கல்ல ரீச்சர்” என்று வகுப்பே காதைக் குடைந்ததில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கிடைக்காட்டி நுளம்பை வளருங்க! அதுக்கும் வாழ்க்கை வட்டம் இருக்குத்தானே! கொண்டு வராத ஆக்கள் வகுப்புக்கு வெளியில!”

“எங்கட வீட்டில நுளம்பே இல்லையே ரீச்சர்,” என்றான் புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன்.

“நுளம்பில்லாத வீடு திருகோணமலையில எங்கடா இருக்கு? போய்த் தேடு!”

பாடசாலையின் டெங்கு ஒழிப்புக் குழுவுக்குப் பொறுப்பாசிரியையும் தானே என்பது அந்த நேரம் அவள் நினைவுக்கு வரவில்லை. இப்போது நன்றாகவே வந்தது. வீட்டுக்குள் நுளம்பு வளர்ப்பதைப் பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் கண்டால் வழக்குத்தான். ஊர் பார்க்க நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். பிறகு எந்த முகத்தோடு காலைக் கூட்டத்தில் டெங்கு பற்றிப் பேசுவது?

“இன்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ அக்கா!”

“அதுதான் ரீச்சர் விசயம்! காக்கிச் சட்டையும் இல்லாம ரீசேட்டோட வாறார். ஆருக்கும் தெரியாமப் பிடிக்கத்தான்!”

சுஹைரா போத்தலைத் தொட்டிக்குள் சரித்தாள். அவள் வகுப்பிலேயே படிக்கும் மகள் ரிஸ்லா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

“ஊத்த வேணாம் உம்மா! நாளைக்கு நான் வெளியில நிக்கிறதா?”

“நிப்பாட்டுறது நான்தானேடி! உன்னை நிப்பாட்ட மாட்டன்!”

“ரீச்சர்ட மகளுக்கு மட்டும் தனிச் சட்டமா என்டு மத்தப் பிள்ளைகள் கேக்கும்!”

பெற்றதும் தானே, படிப்பித்ததும் தானே. யாரை நோவது? போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி அலுமாரிக்குள் சாரிகளுக்கு நடுவே சொருகினாள். போத்தல் வாயில் கட்டியிருந்த துணி நழுவிப் பாதித் தண்ணீர் பெருநாள் சாரியில் கொட்டியது.

“உம்மா, பெரியதுகள் எல்லாம் சாரியில கிடக்குது!” ரிஸ்லா அழத் தொடங்கினாள்.

“யா அல்லாஹ், சத்தம் போடாத!”

சாரி மடிப்பிலிருந்து தேக்கரண்டியால் குடம்பிகளைப் பொறுக்கி, மிச்சத்தோடு சேர்த்து ஒரு தண்ணீர்ப் போத்தலில் விட்டு, இறுக்கி மூடி, பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

“குளிருக்குச் செத்துப்போகும் உம்மா!”

“சாகாது, நித்திரை கொள்ளும். இதுவும் விஞ்ஞானம்தான், வாயை மூடு!”

படலை திறந்தது. புதிதாக மாற்றலாகி வந்த பி.எச்.ஐ. நிப்றாஸ் வியர்த்து வழிய நின்றார். தோள்பைக்குள்ளிருந்து ஒரு வெறும் போத்தல் தலை நீட்டியது. சாட்சிக்கு எடுத்துப் போகத்தான் என்று சுஹைரா நினைத்தாள்.

“சும்மா ஒருக்காப் பாத்திட்டுப் போறன் தங்கச்சி.”

பூச்சட்டிகளைப் பார்த்தார். சிரட்டைகளைப் புரட்டினார். உள்ளே வந்து பிரிட்ஜின் பின்பக்கத் தண்ணீர்த் தட்டைக்கூடக் குனிந்து பார்த்தார்.

“இங்கயும் ஒன்டும் இல்லையே,” என்று பெருமூச்சு விட்டார். “வீட்டைத் துப்புரவா வெச்சிருக்கீங்க.”

சொன்ன குரலில் பாராட்டே இல்லை. வழக்குப் போட ஆள் கிடைக்காத கவலையாக்கும், பாவி மனுசன் என்று அவள் மனதுக்குள் திட்டினாள். எப்படியோ தப்பியாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவன் றுவைஸ் பகல் நித்திரையிலிருந்து எழும்பி வந்தான்.

“வெயிலுக்க வந்திருக்கார் சேர், ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல்லயா நீ?” என்று பிரிட்ஜைத் திறந்தான்.

சுஹைரா கண்ணைக் காட்டினாள். புருவத்தை உயர்த்தினாள். தலையைக்கூட ஆட்டிப் பார்த்தாள்.

“என்ன, கண்ணுக்குள்ள தூசி கீசி விழுந்திட்டா?” என்று கேட்டபடியே அவன் கிளாசை நிரப்பி நீட்டினான்.

நிப்றாஸ் கிளாசை வாயருகே கொண்டு போய் நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே குடம்பிகள் தலைகீழாக நெளிந்தன. ஒன்றுகூட நித்திரை கொள்ளவில்லை.

“சேர், அது வந்து... பிள்ளைட பாடத்துக்கு...” என்று சுஹைரா இழுத்தாள்.

நிப்றாஸின் முகம் மலர்ந்தது. அவசர அவசரமாகத் தோள்பையிலிருந்த வெறும் போத்தலை எடுத்து நீட்டினார்.

“அல்ஹம்துலில்லாஹ்! விடியத்தில இருந்து தேடுறன் தங்கச்சி, இதில பாதியை ஊத்தித் தாங்க! கொண்டு போகாட்டி நாளைக்கு என்ட மகனை வகுப்புக்கு வெளியில நிப்பாட்டப் போறாவாம் ஒரு ரீச்சர்!”